வாடாத மாலை

தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்ந்த முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தோட்டம் செம்பனைக்கும் வீட்டுமனைக்குமாக மாறிப் போனபின், மகன் தவணையில் வாங்கிய சிறுவீட்டின் முன்கூடத்தில் அவர் காலம் கழிகிறது. ஒருநாள் அவர் பெயருக்கு மலாய்மொழியில் ஒரு கடிதம் வருகிறது. மோட்டார் சைக்கிள் வாங்கிய கடனில் நான்கு மாதத் தவணை நிலுவையில் இருப்பதாக அது கூறுகிறது. மிதிவண்டியைத் தவிர வேறு வண்டியை அவர் தம் வாழ்நாளில் ஓட்டியதில்லை. மகன் கடிதத்தைப் படித்துவிட்டு, "வேறு யாருக்கோ வரவேண்டியது, பெயர் மாறி வந்திருக்கிறது அப்பா" என்று சொல்லி அதனை அலமாரியின்மேல் வைத்துவிடுகிறான். சில நாளில் இரண்டாவது கடிதமும் அதன்மேல் ஏறுகிறது. ஓராண்டு கழித்துப் பேரனின் கடனுக்குப் பிணை நிற்க அம்முதியவர் செல்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் அலுவலர் கணினித் திரையைப் பார்க்கிறார். பின்னர் அவரைப் பார்க்கிறார். முதலில் வரவேற்ற பார்வை அன்று அது. தாம் திருடப்பட்டுவிட்டோம் என்பதை அந்தப் பார்வையில்தான் முதியவர் முதன்முறையாக அறிகிறார்.

இத்தகைய நிகழ்ச்சி இன்று எந்தத் தெருவிலும் நிகழக்கூடியதே. அடையாளத் திருட்டு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். திருட்டு என்னும் சொல் அதற்குப் பொருந்துமா என்பதே முதல் வினா. பொருள் களவு போன வீட்டில் பூட்டு உடைந்திருக்கும்; பெட்டி திறந்து கிடக்கும்; வைத்த இடத்தில் வைத்தது இராது. பெயர் களவு போன வீட்டிலோ எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. பெயர் ஊரார் வாயில் இருக்கிறது. எதுவும் குறைவதில்லை, மாறாகக் கூடுகிறது. ஒரு கடன் கூடுகிறது. ஒரு வண்டி கூடுகிறது. சில வேளைகளில் ஒரு வழக்கும் கூடுகிறது. இழப்பு என்பது வரவின் வடிவில் வந்து சேரும் திருட்டு இஃது ஒன்றே எனலாம்.

ஆதலின் இத்திருட்டின் முற்குறிகளும் தலைகீழாகவே அமைகின்றன. ஒருவர் கேளாமலே அவருடைய கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவு எண் வந்து சேர்கிறது. எங்கோ ஒருவன் அவர் பெயரில் ஒரு கதவைத் தட்டுகிறான் என்பது அதன் பொருள். மாதந்தோறும் வந்த கணக்கு அறிக்கை ஒரு மாதம் வாராது நின்றுபோகிறது. முகவரியை வேறொருவன் மாற்றியிருக்கக்கூடும். நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கைப்பேசி திடீரென்று தொடர்பற்றுப் போகிறது. அந்த எண் இப்பொழுது வேறொரு சிம் அட்டையில் உயிர்பெற்றிருக்கலாம், கடவு எண்களெல்லாம் இனி அங்கே செல்லலாம். வங்கிக் கணக்கில் ஒரு வெள்ளி மட்டும் கழிந்திருக்கிறது. ஒரு வெள்ளிதானே என்று எவரும் விட்டுவிடுவர். திருடனுக்கு அந்த வெள்ளி தேவையில்லை. சாவி பூட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறான், அவ்வளவே. பெறாத ஊதியத்துக்கு வரி கேட்டு வரும் கடிதம், பதிவு செய்யாத வணிகத்தின் பெயரால் வரும் அழைப்பு, "நேற்றுப் பணம் கேட்டாயே, அனுப்பிவிட்டேன்" என்று நண்பர் சொல்லும் சொல் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இவற்றுள் எதுவும் அச்சுறுத்தும் தோற்றம் உடையது அன்று என்பது நோக்கத்தக்கது. ஒவ்வொன்றுக்கும் எளிய விளக்கம் ஒன்று உடனே கிடைத்துவிடுகிறது. அஞ்சல்காரர் தவறியிருப்பார், கைப்பேசி பழுதாகியிருக்கும், பெயர் மாறி வந்திருக்கும். குறி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைவிட, தெரிந்த குறி உடனே ஆறுதலாக மாற்றப்பட்டுவிடுகிறது என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

முதியவரின் வீட்டில் கடிதம் அலமாரியின்மேல் சென்றதற்கு அசதி மட்டும் காரணம் அன்று. அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மலாயாவில் அவசரகாலம் பிறந்த 1948ஆம் ஆண்டில்தான் மக்களுக்கு அடையாள அட்டை வழங்கும் முறை தொடங்கிற்று. அதற்குமுன் தோட்டத்துத் தமிழனுக்கு அடையாளம் என்பது கங்காணி அறிந்த முகமும் கிராணியார் பேரேட்டில் எழுதிய பெயருமே. கிராணியார் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே பெயர் ஏட்டில் ஏறிற்று. ஒரே தந்தையின் பெயர் அண்ணன் அட்டையில் ஒருவிதமாகவும் தம்பி அட்டையில் வேறுவிதமாகவும் இருக்கும் குடும்பங்களைத் தமிழாசிரியர் பலர் அறிவர். வகுப்பில் பெயர்ப்பட்டியல் வாசிக்கும் நாளில் அவர்கள் கண்டதுதான். விடுதலைக்குப் பின்னும் சிவப்பு அட்டையோடு வாழ்ந்து மறைந்த முதியோர் எத்தனையோ பேர். இந்த மண்ணில் பிறந்தும் அதனை மெய்ப்பிக்கும் தாள் இல்லாமையால் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் அவர்கள். மனிதனைவிடத் தாள் பெரிது என்னும் பாடத்தைப் பள்ளிக்கூடம் சொல்லித் தராமலே அவர்கள் கற்றார்கள். அலுவலகத்திலிருந்து வரும் தாள் தவறாக இருக்கக்கூடும் என்று எதிர்த்து நிற்கும் துணிவு அத்தகைய வாழ்க்கையில் எங்கிருந்து வரும்? ஒளித்து வைப்பதே இயல்பாகிவிடுகிறது.

தாளின் இடத்தை இன்று எண் பிடித்துக்கொண்டது. மலேசிய அடையாள அட்டையின் எண் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்டது. முதல் ஆறும் பிறந்த நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வந்த நண்பனுக்கே அதில் பாதி தெரியும். 2001ஆம் ஆண்டில் மைகார்டு வந்தபின் அட்டைக்குள் சில்லு பதிந்தது. எனினும் எண்ணை எழுதி வாங்கும் வழக்கம் குறையவில்லை. குடியிருப்பின் காவற்கூடத்திலும் பரிசுக் குலுக்கல் தாளிலும் அது எழுதப்பட்டது. இவ்வாறு ஊரெங்கும் இறைத்த ஒன்றையே, தொலைபேசியில் பேசுபவர் உரியவர்தாமா என்று சோதிக்கும் சாவியாகவும் நிறுவனங்கள் பயன்படுத்தின. சிங்கப்பூரில் 2024 டிசம்பரில், நிறுவனப் பதிவகத்தின் புதிய இணையத்தளத்தில் பெயரைத் தேடினாலே பலருடைய முழு அடையாள எண்ணும் கிடைத்தபோது மக்கள் திகைத்தனர். அரசு மன்னிப்புக் கேட்டது. அடையாள எண் ஒருவரைச் சுட்டுவதற்கு உரியதேயன்றி, அதனை மறைச்சொல்லாகக் கொள்ளுதல் தகாது என்றும் விளக்கிற்று. விளக்கம் சரியானதே. வாசற்பலகையில் எழுதிய பெயரையே வீட்டுச் சாவியாகக் கொள்ளும் வழக்கத்தை முதலில் ஏற்படுத்தியவர் யார் என்பதுதான் எஞ்சும் வினா.

தமிழ் இலக்கியம் இந்தத் திருட்டை அறியாதது அன்று. பெரியபுராணத்தில் வரும் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. திருக்கோவலூரை ஆண்ட அவரைப் போரில் பன்முறை எதிர்த்துத் தோற்றவன் முத்தநாதன். அவன் உடலெங்கும் நீறு பூசிச் சடைமுடித்து, ஏட்டுக்கட்டு ஒன்றில் படையை மறைத்துக்கொண்டு இரவில் அரண்மனைக்கு வந்தான். வாயில்தோறும் நின்ற காவலர் அவன் வேடத்தை வணங்கி வழிவிட்டனர். இறுதி வாயிலில் நின்ற தத்தன் ஒருவனே அரசர் துயில்கிறார், காலமறிந்து செல்லவேண்டும் என்று தடுத்துரைத்தான். முத்தநாதன் அதனையும் கடந்து உள்ளே சென்றான். எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாக அவன் சொன்னான். அதனைத் தனியிடத்தில்தான் சொல்ல இயலும் என்றான். அரசி விலக வேண்டும் என்றான். அரசர் அவனை உயர்ந்த இருக்கையில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கிய நேரத்தில் அவன் ஏட்டுக்கட்டை அவிழ்த்தான்.

அகாலம், வேறெங்கும் கிடைக்காத பேறு, பிறர் அறியலாகாது என்னும் நிபந்தனை ஆகிய மூன்று குறிகளை இக்கதை அன்றே சொல்லி வைத்தது. இன்று மக்காவ் மோசடி என்று மலேசிய மக்கள் அழைக்கும் தொலைபேசி வஞ்சகத்தில் இம்மூன்றும் அப்படியே இருக்கின்றன. காவல்துறை அதிகாரி என்றோ நீதிமன்ற அலுவலர் என்றோ ஒருவன் பேசுகிறான். உங்கள் பெயரில் குற்றம் பதிவாகியிருக்கிறது என்கிறான். விசாரணை முடியும்வரை மனைவியிடமும் சொல்லக்கூடாது என்கிறான். அரசியை வெளியே அனுப்பச் சொன்ன அதே சொல்தான் அது. வேடம் மட்டும் திருநீற்றிலிருந்து காக்கிச்சட்டைக்கு மாறியிருக்கிறது.

வகுப்பறையில் இக்கதையைச் சொல்லும் ஆசிரியர் எவரும் மாணவரின் ஒரு வினாவுக்குத் தப்ப முடியாது. அரசர் ஏன் கண்டுகொள்ளவில்லை? அவர் ஏமாளியா? சேக்கிழார் அவரை ஏமாளி என்று காட்டவில்லை. அடியார் என்று காட்டினார். குத்தியவனைக் கொல்லப் பாய்ந்த தத்தனைத் தடுத்து, அவனுக்குத் தீங்கு நேராமல் ஊரெல்லை கடத்திவிடச் சொல்லி, அச்செய்தி வரும்வரை உயிரைத் தாங்கி நின்றவர் அவர். வேடத்தின் மேல் அவர் வைத்த மதிப்பு அவர் வாழ்வின் மையம். முத்தநாதன் குறிபார்த்து அடித்தது அந்த மையத்தையே. பெயரைத் திருடுவோர் எப்போதும் மனிதனின் குறையை மட்டுமே பயன்படுத்துகிறார்கள் என்பது பிழையான எண்ணம். பெரும்பாலும் அவர்கள் பயன்படுத்துவது நிறையை. சட்டத்துக்கு அஞ்சுபவரே போலி அதிகாரிக்கு அஞ்சுகிறார். பிள்ளைமேல் உயிரை வைத்தவரே பிள்ளையின் பெயரால் வரும் அழைப்புக்குப் பணம் அனுப்புகிறார். இதனை உணராமல், ஏமாந்தவரைப் பார்த்து நகைப்பது கொடுமை.

ஆயினும் தத்தன் ஒருவன் அங்கே இருந்தான் என்பதை மறத்தலாகாது. அவனும் அதே நீற்றைக் கண்டவன்தான்; வேடத்தை அவன் இகழவில்லை. வந்தவர் யார் என்று ஐயுறுவதற்கு முன், வந்த நேரம் பொருந்துகிறதா என்று பார்த்தான். ஐயத்துக்கும் கவனத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். ஐயம் ஆளின்மேல் விழுகிறது. கவனம் செய்தியின்மேல் விழுகிறது. தொலைபேசியில் பேசுபவரை, "ஐயா, நான் நிலையத்துக்கே நேரில் வருகிறேன்" என்று சொல்லி நிறுத்திவிடுவதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. உண்மையான அதிகாரிக்கு அதனால் குறை நேராது.

குறிகளைக் கண்டு உண்மையை அறிந்த காட்சி ஒன்றும் தமிழில் உண்டு. நளவெண்பாவில் தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் இந்திரன் முதலிய தேவர் நால்வர் நளனுடைய உருவம் எடுத்து வந்து அமர்ந்தனர். ஐந்து நளர்கள், ஒரே முகம், ஒரே அணி, ஒரே வடிவம். தமயந்தி எவ்வாறு தெளிந்தாள்? நால்வரின் கண்கள் இமைக்கவில்லை. ஒருவனுடைய கண் இமைத்தது. நால்வரின் அடிகள் நிலத்தில் தோயவில்லை. ஒருவனுடைய அடி தோய்ந்தது. நால்வரின் மாலைகள் வாடவில்லை. ஒருவனுடைய மாலை வாடியிருந்தது. அவளோ வாடிய மாலைக்குரியவனுக்கு மாலையிட்டாள்.

இக்காட்சியைக் காதற்சுவைக்காக மட்டும் படித்துவிட்டுப் போவதுண்டு. அறிவின் ஆழம் ஒன்று அதில் அடங்கியிருக்கிறது. போலி தன் குறையால் வெளிப்படும் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. பிழையான எழுத்து, கோணலான முத்திரை, தடுமாறும் பேச்சு ஆகியவற்றைக் கொண்டு போலியை அறியலாம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அந்தக் காலம் கடந்துவிட்டது. இன்றைய கணினி பிழையற்ற மலாயில் எழுதுகிறது. பிழையற்ற தமிழிலும் எழுதத் தொடங்கிவிட்டது. எஞ்சியிருப்பது தமயந்தியின் வழியே. போலி மிகவும் நன்றாக இருக்கிறது. மெய்யான வங்கி காக்க வைக்கிறது, படிவம் கேட்கிறது, நாளை வா என்கிறது. போலி வங்கியோ நள்ளிரவிலும் உடனே பேசுகிறது, உடனே கடன் தருகிறது. மெய்யான அலுவலகத்துக்கு ஒரு தெருவும் கட்டடமும் உண்டு; அடி நிலத்தில் தோய்ந்திருக்கிறது. போலி அலுவலகம் கைப்பேசிக்குள் மட்டும் மிதக்கிறது. வாடாத மாலையே ஐயத்துக்குரியது.

தமயந்திக்கு ஒரு வாய்ப்பு இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அவளுக்குப் பார்க்க நேரம் இருந்தது. நேரம் மறுக்கப்பட்டவர் நிலை யாது என்பதற்கு இராமாயணத்து மாரீசன் விடை. இராமன் அம்பு பட்டு வீழ்ந்தபோது அவன் இராமனுடைய குரலிலேயே கூவினான். அது அண்ணன் குரல் அன்று என்பதை இலக்குவன் அறிந்தான், சொல்லவும் செய்தான். சீதையின் அச்சமோ அவனைப் பேசவிடவில்லை. நீ போகாவிட்டால் நான் உயிர்விடுவேன் என்ற பின் அறிவுக்கு அங்கே என்ன வேலை? சில நொடி நேரக் குரற்பதிவைக் கொண்டு ஒருவரைப் போலவே பேசவைக்கும் நுட்பம் இன்று எவர் கைக்கும் எட்டிவிட்டது. "அம்மா, விபத்தில் மாட்டிக்கொண்டேன்" என்று மகன் குரலில் வரும் அழைப்பைக் கேட்கும் தாய் சீதையின் நிலையில் இருக்கிறாள். பக்கத்தில் ஓர் இலக்குவன் இருந்தாலும், அவன் சொல் ஏறுவது அரிது. தொடர்பைத் துண்டித்து, மகனின் எண்ணுக்குத் தானே அழைத்துப் பார்ப்பதற்கு வேண்டியது இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை அவளிடமிருந்து பறிப்பதே மாரீசனின் முழு முயற்சியும்.

இனி, குறியைக் காணத் தவறியவர் குற்றவாளியா என்னும் வினாவுக்கு வரலாம். உலகம் இதற்கு உடனே ஆம் என்று விடை சொல்லிவிடுகிறது. "படித்தவர்தானே, பார்த்துச் செய்திருக்கலாகாதா" என்பது ஏமாந்தவர் வீட்டில் முதலில் கேட்கும் சொல். ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து கசிந்தது என்று எவரும் கேட்பதில்லை. மலேசியாவில் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்த செய்தி 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது நாட்டின் மக்கள்தொகையைவிட மிகுதி. சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டில் 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி முதலியவை கணினி ஊடுருவலில் களவாடப்பட்டன. மருத்துவம் பார்க்கச் சென்றது அந்நோயாளிகளின் கவனக்குறைவா? தம் பொருளைத் தாமே தொலைத்தவர் அல்லர் அவர். கொடுத்துவைத்த இடத்தில் தொலைந்தது.

அதைவிட வலிய சான்று 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் கிடைத்தது. ஒரு வங்கியின் பெயரால் அனுப்பப்பட்ட போலிக் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தனர். அந்தப் போலிச் செய்தி தனியே வரவில்லை. அதே வங்கி முன்னர் அனுப்பிய மெய்யான செய்திகளின் வரிசையிலேயே, அவற்றுக்கு அடுத்ததாக வந்து அமர்ந்தது. ஐந்து நளர்களும் கண் இமைத்த சபை அது. குறியே இல்லாத இடத்தில் குறியைக் காணவில்லை என்று யாரைக் குறைகூறுவது? வங்கி பின்னர் இழப்பை ஈடுசெய்தது. வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. பதிவு பெறாத பெயரில் வரும் செய்திக்கு மோசடியாக இருக்கலாம் என்னும் முத்திரையிடும் முறை 2023ஆம் ஆண்டில் கட்டாயமாயிற்று. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பொறுப்புப் பகிர்வு ஏற்பாடு, குறிப்பிட்ட சில வகை மோசடிகளில், முதலில் வங்கியும் அடுத்துத் தொலைத்தொடர்பு நிறுவனமும் தத்தம் கடமையைச் செய்தனவா என்று பார்க்கச் சொல்கிறது. அவை செய்திருந்தால்தான் இழப்பு வாடிக்கையாளருடையது. பொறுப்பின் வரிசையை அந்த ஏற்பாடு திருப்பி எழுதியிருக்கிறது. அதன் எல்லை குறுகியதாயினும் வரிசை நேரியது.

பழைய சட்டம் இந்த வரிசையை அறியாது. மலேசியா, சிங்கப்பூர் இரண்டின் குற்றவியல் சட்டமும் 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திலிருந்து பிறந்தவை. ஆள் மாறாட்டத்தால் ஏமாற்றுதலைக் கூறும் பிரிவு இரு நாட்டிலும் 416 என்னும் அதே எண்ணுடன் விளங்குகிறது. ஒருவன் தன் பெயரையே உடைய செல்வ வங்கியாளர் ஒருவராகத் தன்னைக் காட்டி ஏமாற்றுவதை அது எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஏமாற்றியவன் குற்றவாளி என்பது சரியே. பெயருக்குரிய அந்த வங்கியாளர் என்ன ஆனார், மறுநாள் ஊரார் அவரை எவ்வாறு பார்த்தனர் என்பது பற்றி எடுத்துக்காட்டில் ஒரு சொல்லும் இல்லை. அமெரிக்காவிலும் அடையாளத் திருட்டைத் தனிக்குற்றமாக்கிய கூட்டரசுச் சட்டம் 1998ஆம் ஆண்டில்தான் பிறந்தது. பணம் கொடுத்தவர் இழந்ததை மட்டுமே இழப்பாகக் கருதிய காலம் அத்தனை நீண்டது.

மாணவர் உலகைத் தொடும் செய்தி ஒன்றும் இங்கே சொல்லப்படவேண்டும். எல்லாப் பெயரும் திருடப்படுவதில்லை, சில விற்கப்படுகின்றன. வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் சில நாளுக்குக் கொடுத்தால் சில நூறு வெள்ளி தருகிறேன் என்று கல்லூரி வாயிலில் ஒருவன் சொல்கிறான். கணக்கில் பணம் இல்லையே, இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று இளைஞன் எண்ணுகிறான். ஏமாந்த எவரோ ஒரு மூதாட்டியின் சேமிப்பு அந்தக் கணக்கின் வழியே கடந்து போகிறது. மலாயில் இதனைக் கழுதைக் கணக்கு என்பர். சுமை யாருடையது என்று கழுதைக்குத் தெரியாது. மலேசியா 2024ஆம் ஆண்டில் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி இத்தகைய கணக்குகளுக்கெனத் தனிப் பிரிவுகளைச் சேர்த்தது. அறியாமல் கொடுத்தேன் என்னும் சொல்லுக்கு இனி மதிப்புக் குறைவு. பெயரை ஒரு பொருளாகக் கருதி வாடகைக்கு விடுபவன், பிறர் பெயரையும் பொருளாகக் கருதித் திருடுபவனிடமிருந்து எத்தனை அடி தொலைவில் நிற்கிறான்? வகுப்பில் விவாதத்துக்கு வைக்கத்தக்க வினா இது.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்பது அதன் முடிபு. முதற்பாதியை மேற்கோள் காட்டி ஏமாந்தவர்களுக்கு அறிவுரை கூறுவோர் பலர். இரண்டாம் பாதி யாருக்கு உரியது? நாற்பது ஆண்டு ஒரே தோட்டத்தில் உழைத்து, ஒரு வெள்ளி கடன் வைக்காமல் வாழ்ந்தவரைத் திரையில் தோன்றிய ஒரு வரியைக் கொண்டு ஐயுறும் அலுவலருக்கு அன்றோ அது உரியது? முன்பின் அறியாதவனுக்கு ஆராயாமல் கடன் கொடுத்ததும் அதே மேசை. ஆராய்ந்து அறியத்தக்கவரை ஐயுறுவதும் அதே மேசை.

சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் செய்ததும் இதுவே. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவன். கள்வன் என்னும் தன் பெயரைக் கோவலன் தலையில் ஏற்றிவைத்தவனும் அவனே. கோவலன் கையில் இருந்த சிலம்பு அரசியின் சிலம்பைப் போலவே இருந்தது. புறத்தோற்றம் பொருந்தியதால் போதும் என்று கொண்டான் பாண்டியன். உள்ளிருக்கும் பரல் யாது என்று கேட்கவில்லை. முத்தா, மாணிக்கமா என்னும் அந்த ஒரு வினாவைக் கேட்பதற்குக் கண்ணகி ஊரின் குறுக்கே அழுது வரவேண்டியதாயிற்று. மெய்ப்பிக்கும் சுமை குற்றமற்றவள் தோளில் ஏறிற்று. சிலம்பினுள் இருந்த மாணிக்கம் சான்றானதால் அவள் வென்றாள். அது இல்லாதவர் என்ன செய்வது?

அலமாரியின்மேல் இருந்த கடிதங்களைப் பேரன் எடுத்துத் தூசி தட்டி மேசையில் பரப்புகிறான். பேங்க் நெகாரா பேணும் கடன் பதிவேட்டிலிருந்து தாத்தாவின் அறிக்கையைக் கட்டணமின்றிப் பெற்று வந்திருக்கிறான். அதில் மோட்டார் சைக்கிள் மட்டும் அன்று, வேறொரு கடனும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 997 என்னும் அவசர எண் பணம் அண்மையில் பறிபோனவர்களுக்கு உரியது. இவருக்கோ காலம் கடந்துவிட்டது. காவல்நிலையத்தில் புகார் எழுதி, அதன் படியுடன் இருவரும் கடன் கொடுத்த நிறுவனத்துக்குச் செல்கிறார்கள். முதியவர் வாசலிலேயே தயங்குகிறார். அக்கம்பக்கத்தார் அறிந்தால் என்ன நினைப்பார்கள் என்று வழிநெடுகக் கேட்டு வந்தவர் அவர்.

உள்ளே ஓர் இளம்பெண் புகாரைப் படிக்கிறாள். கணினியில் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. பெயர் பொருந்துகிறது, எண் பொருந்துகிறது, அட்டையின் படியும் இணைந்திருக்கிறது. சிறிது நேரம் யோசித்துவிட்டு அவள் எழுந்து போகிறாள். மூலப்படிவத்தைத் தேடி எடுத்து வருகிறாள். அதன் அடியில் ஆங்கிலத்தில் வளைந்து ஓடும் அழகான கையெழுத்து. அவள் வெறுந்தாள் ஒன்றையும் எழுதுகோலையும் முதியவர் முன் வைத்து, "ஐயா, உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்" என்கிறாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர் அவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளின்மேல் குனிந்து, தம் பெயரின் ஐந்து எழுத்தையும் தமிழில் ஒவ்வொன்றாக எழுதத் தொடங்குகிறார்.